தூக்குக்கயிறும் வாக்குச்சீட்டும்



எமது கிராமங்களில் இரண்டு பேச்சுகள் அடிக்கடி எழுவதுண்டு. கொடிய கொலை ஒன்று நடந்துவிட்டால், "இவனைத் தூக்கில் போடவேணும்" என்பார்கள். தேர்தல் வந்துவிட்டால், "பட்டியலில் ஒரு பொம்பிளையையும் போடுங்கோ" என்பார்கள். முதலாவது பேச்சு கோபத்தில் வருவது. இரண்டாவது பெரும்பாலும் ஒப்புக்காக வருவது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இவ்விரண்டும் இலங்கையின் வரலாற்றில் பலமுறை ஒரே வாசலில் சந்தித்திருக்கின்றன. மரணதண்டனை என்ற அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அந்த அதிகாரத்துக்கு அருகில் பெண்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள், அதனால் எம்மைப் போன்ற குடும்பங்களுக்கு நேர்ந்தது என்ன என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம். மாதர் சங்கங்களிலும் கமக்காரர் அமைப்புகளிலும் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக் கலந்துரையாடலாம்.

1. வாக்கு வந்த வழி

இலங்கையில் 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களிக்கலாம் என்றாயிற்று. இது யாரும் தானாகக் கொடுத்த கொடையன்று. 1927 இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. அதன் முன்னணியில் நின்ற அக்னஸ் டி சில்வா முதலானோர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சென்று சாட்சியமளித்தனர். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழு கேட்டது. அவர்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்துப்பட அக்னஸ் டி சில்வா பதிலளித்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்கள் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தனர். ஆணைக்குழுவோ 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்கு என்று விதந்துரைத்தது. பின்னர்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது வைக்கப்பட்டது.

வாக்கு இவ்வாறு உரிமையாக வந்தது. ஆசனம் அப்படி வரவில்லை. அரசாங்க சபைக்குத் தெரிவான முதலாவது பெண் அடலின் மொலமூரே. ருவன்வெல்லைத் தொகுதியின் உறுப்பினராக இருந்த அவருடைய தந்தையார் இறந்ததால் 1931 இல் இடைத்தேர்தல் வந்தது. அதில் அவர் வென்றார். இரண்டாவது பெண் நேசம் சரவணமுத்து. கொழும்பு வடக்கில் வென்றிருந்த அவருடைய கணவர் பதவியை இழந்ததால் 1932 இல் நடந்த இடைத்தேர்தலில் அவர் தெரிவானார். இருவரும் திறமைசாலிகளே. எனினும் ஓர் ஆண் விட்டுச்சென்ற வெற்றிடத்தின் வழியாகவே அவர்களால் உள்ளே நுழைய முடிந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்வோம். பாடத்தின் மற்றப் பகுதிகளிலும் இதே கோலத்தைக் காண்போம்.

2. ஒரு கொலையும் அதன் பின் வந்த சட்டமும்

1956 இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் தூக்குத்தண்டனை நிறைவேற்றுவதை நிறுத்தியது. 1958 இல் ஒரு சட்டம் இயற்றி, கொலைக்கான மரணதண்டனையை மூன்று ஆண்டுகளுக்கு இடைநிறுத்தியது. இதனை ஆராய்வதற்கு நோவல் மொறிஸ் என்ற சட்டப் பேராசிரியரின் தலைமையில் ஆணைக்குழு ஒன்றும் நியமிக்கப்பட்டது. இடைநிறுத்தம் தொடரவேண்டும் என்பதே 1959 இல் வெளிவந்த அதன் அறிக்கையின் முடிவு.

அதே ஆண்டு செப்டெம்பர் 25 ஆம் திகதி பிரதமர் கொழும்பில் தமது இல்லத்தில் சுடப்பட்டார். மறுநாள் உயிர் நீத்தார். சுட்டவர் தல்துவே சோமராம என்ற பிக்கு. பிரதமர் மருத்துவமனையிலிருந்து நாட்டுக்கு ஒரு செய்தி விடுத்தார். தம்மைச் சுட்டவர் மீது இரக்கம் காட்டும்படியும், பழிவாங்க முற்படவேண்டாம் என்றும் அதில் கேட்டிருந்தார்.

அவருடைய வேண்டுகோள் நாட்டின் கோபத்தின் முன் நிலைக்கவில்லை. அவருக்குப் பின் பிரதமரான டபிள்யூ. தகநாயக்காவின் அரசாங்கம் அந்த ஆண்டு முடியுமுன்னரே இடைநிறுத்தச் சட்டத்தை நீக்கி, மரணதண்டனையை மீளக் கொண்டுவந்தது. சட்டம் வருமுன் நடந்த கொலைக்கும் அது செல்லும் என்று எழுதப்பட்டது. அதாவது, குற்றம் நடந்த நாளில் இல்லாத தண்டனை பின்னாளில் உண்டாக்கப்பட்டது.

விளைவைக் கவனியுங்கள். 1961 இல் சோமராமவுடன் மாபிட்டிகம புத்தரக்கித தேரருக்கும் எச். பி. ஜயவர்தனவுக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. பின்னிருவரும் கொலைக்குச் சதி செய்ததாகத் தீர்க்கப்பட்டவர்கள். மேன்முறையீட்டில் அவர்களுடைய தண்டனை ஆயுட்சிறையாக மாறியது. அவசரத்தில் எழுதிய சட்டத்தின் சொற்கள் கொலைக் குற்றத்துக்குப் பின்னோக்கிச் சென்றன. சதிக் குற்றத்துக்குச் செல்லவில்லை. எனவே சதி செய்தவர்கள் உயிர் தப்பினர்; துப்பாக்கியைப் பிடித்தவர் 1962 யூலை 6 ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். கோபத்தில் போட்ட வரம்பு எந்த இடத்தில் உடையும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த நாளில் நாட்டின் பிரதமராக இருந்தவர் கொலையுண்டவரின் மனைவி சிறிமாவோ பண்டாரநாயக்கா. 1960 யூலை 21 ஆம் திகதி பதவியேற்ற அவரே உலகின் முதலாவது பெண் பிரதமர். அந்தத் தேர்தலில் அவர் எந்தத் தொகுதியிலும் போட்டியிடவில்லை. கட்சியை வெற்றிபெறச் செய்து, செனற் சபை உறுப்பினராகவே பிரதமர் பதவியை வகித்தார். கணவரின் சாவே அவரை அரசியலுக்குக் கொண்டுவந்தது. சாகும் தறுவாயில் கணவர் கேட்ட இரக்கம் மனைவியின் ஆட்சியில் கிடைக்கவில்லை. அவரைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. சட்டம் அவருக்கு முன்னரே ஆக்கப்பட்டது. நாடும் கயிற்றையே எதிர்பார்த்தது. எனினும் பெண் ஒருவர் தலைமைக்கு வந்ததனால் மாத்திரம் தண்டனை முறை மாறிவிடாது என்பதற்கு இது தெளிவான சான்று.

இந்த வழக்கில் இன்னொரு பெண்ணின் கதையும் உண்டு. 1956 இல் சுகாதார அமைச்சராகி, நாட்டின் முதலாவது பெண் அமைச்சர் என்ற பெயர் பெற்றவர் விமலா விஜயவர்தன. அவர் இக்கொலை தொடர்பில் கைது செய்யப்பட்டு, வழக்கு விசாரணைக்குச் செல்லுமுன்னரே விடுவிக்கப்பட்டார். ஒரே கொலை ஒரு பெண்ணை ஆட்சிபீடத்தில் ஏற்றியது. இன்னொரு பெண்ணின் அரசியல் வாழ்வை முடித்தது.

3. கயிறு நின்றது, தீர்ப்பு நிற்கவில்லை

இலங்கையில் கடைசியாகத் தூக்குத்தண்டனை நிறைவேற்றப்பட்டது 1976 யூன் 23 ஆம் திகதி. அப்போதும் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவே. அதன் பின் எந்தச் சனாதிபதியின் காலத்திலும் கயிறு இறங்கவில்லை. ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது. கொலைக்கும் போதைப்பொருள் கடத்தலுக்கும் நீதிமன்றங்கள் மரணதண்டனை விதிக்கின்றன. தண்டனை பெற்றவர்கள் சாவும் இல்லாமல் விடுதலையும் இல்லாமல் சிறையில் காத்திருக்கிறார்கள்.

கயிற்றை மீண்டும் எடுக்கும் முயற்சிகள் இடையிடையே நடந்தன. 1994 இல் சந்திரிகா பண்டாரநாயக்கா குமாரதுங்க சனாதிபதியானார். தந்தையை 1959 இலும் கணவர் விஜய குமாரதுங்கவை 1988 இலும் கொலைக்குப் பறிகொடுத்தவர் அவர். 1999 இல் அவருடைய அரசாங்கம், மரணதண்டனைகளை வழமையாகக் குறைத்துவந்த நடைமுறை இனி இராது என்று அறிவித்தது. 2004 நவம்பரில் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய சுட்டுக்கொல்லப்பட்ட மறுநாளே, மரணதண்டனை நிறைவேற்றப்படும் என்று மீண்டும் அறிவிப்பு வந்தது. இரண்டு தடவையும் நிறைவேற்றப்படவில்லை. 2019 யூனில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் வழக்குகளில் நால்வரின் மரண ஆணைகளில் தாம் கையொப்பமிட்டதாகச் சொன்னார். யூலை 5 ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2016 இல், உலகெங்கும் மரணதண்டனையை நிறுத்திவைக்கவேண்டும் என்ற ஐக்கிய நாடுகள் பொதுச்சபைத் தீர்மானத்துக்கு இதே நாடு ஆதரவாக வாக்களித்திருந்தது.

ஆணாயினும் பெண்ணாயினும், நாடு கொதிக்கும் நேரத்தில் ஆட்சியாளரின் கை கயிற்றை நாடுகிறது. கொதிப்பு அடங்கியதும் கயிறு பழைய இடத்துக்குப் போகிறது. இதற்கிடையில் குற்றங்களைத் தடுக்கும் வேலை நடந்ததா என்று கேட்பார் இல்லை.

4. திறப்பு ஒருவர் கையில்

ஒரு குளத்தின் துருசுத் திறப்பு ஒரே ஆளின் கையில் இருந்து, கமக்காரர் கூட்டமும் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? வேண்டியவரின் வயலுக்குத் தண்ணீர் பாயும். கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்திருப்பான். உயிரைப் பற்றிய முடிவும் இப்படித்தான்.

1978 ஆம் ஆண்டு அரசியல் யாப்பின் 34 ஆம் உறுப்புரை, தண்டனையை மன்னிக்கும் அதிகாரத்தைச் சனாதிபதிக்குக் கொடுக்கிறது. மரணதண்டனைக் கைதியாயின், வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் விதந்துரை ஆகியவை பெறப்படவேண்டும். ஆயினும் முடிவு ஒருவருடையதே.

மிருசுவில் வழக்கை எடுத்துக்கொள்வோம். 2000 டிசெம்பரில், இடம்பெயர்ந்திருந்தவர்கள் சிலர் தங்கள் வீடுகளையும் காணிகளையும் பார்த்துவர மிருசுவிலுக்குச் சென்றனர். எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். சிறுவர்களும் அதில் அடங்குவர். விட்டுவந்த வீட்டின் ஓடு இருக்கிறதா, கிணறு இருக்கிறதா என்று பார்க்கப் போவது என்னவென்று எமது வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருவர் தப்பி வந்து நடந்ததைச் சொன்னதால் வழக்கு உருவாயிற்று. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 2015 யூனில், இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2019 இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் சனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்கு மன்னிப்பளித்து விடுதலை செய்தார்.

இங்கே கூர்ந்து சிந்திக்கவேண்டும். மரணதண்டனை கூடாது என்று சொல்வோருக்கும் இந்த விடுதலை நீதியாகாது. அவரைக் கொல்லாமல் விடுவது வேறு. எட்டு உயிர்களுக்கான தண்டனையை முற்றாகத் துடைப்பது வேறு. இந்த நாட்டில் மரணதண்டனைத் தீர்ப்பு எழுதப்படுகையில் கடுமையாகத் தோன்றும். அது நிறைவேறுவதில்லை என்பதால், அதன் முடிவு சட்டத்தின் கையிலிருந்து அரசியலின் கைக்குப் போய்விடுகிறது. குறைக்க முடியாத நீண்ட சிறைத்தண்டனை ஒன்று வெளிப்படையான விதிகளோடு இருந்திருந்தால், அந்தக் குடும்பங்களுக்கு அதுவே பெரிய பாதுகாப்பாக இருந்திருக்கும்.

இன்னொரு வழக்கில் பெண்கள் இந்தத் திறப்பைக் கேள்வி கேட்டனர். 2011 இல் பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர என்ற அரசியல்வாதி கொல்லப்பட்டார். அவ்வழக்கில் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2016 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2021 இல் அவருக்கும் சனாதிபதி மன்னிப்பு வழங்கினார். கொலையுண்டவரின் மனைவியும், பாராளுமன்ற உறுப்பினராக இருந்த மகள் ஹிருணிகாவும் உயர் நீதிமன்றம் சென்றனர். 2024 சனவரியில் நீதிமன்றம் அந்த மன்னிப்பைச் செல்லாததாக்கியது. சனாதிபதியின் மன்னிப்பும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது. அவர்கள் கொழும்பில் வாழ்ந்தவர்கள். சட்டத்தரணிகளை அணுகத் தெரிந்தவர்கள். மிருசுவில் தாய்மாருக்கு அந்த வசதி எங்கே?

மூதூர் ரிசானா நபீக்கின் கதையும் இதையே சொல்கிறது. வறுமை காரணமாக, கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிச் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை அவர். 2005 இல் அவர் பராமரித்த குழந்தை இறந்தபோது அவருக்கு வயது 17. விசாரணையின் தொடக்கத்தில் அவருக்கு ஒரு சட்டத்தரணியும் இருக்கவில்லை. 2013 சனவரி 9 ஆம் திகதி அவருக்கு அங்கே மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. கயிறோ வாளோ, ஏழையின் கழுத்தே அதற்கு எளிதில் எட்டுகிறது.

5. பாக்கு நீரிணைக்கு அப்பால்

இந்தியாவில் ராஜீவ் காந்தி கொலை வழக்கு எம்மவர் எல்லோரும் அறிந்தது. 1991 மே 21 ஆம் திகதி நடந்த அக்கொலைக்காக, 1998 சனவரியில் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கு மரணதண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மாத்திரம் அதனை உறுதிசெய்தது, மூவருக்கு ஆயுட்சிறை, மற்ற 19 பேரும் விடுதலை. முதல் தீர்ப்போடு கயிறு இறங்கியிருந்தால் இந்தப் பத்தொன்பது பேரையும் யாரால் எழுப்பியிருக்க முடியும்?

நால்வரில் ஒருவர் நளினி. சிறையிலே குழந்தை பெற்றவர். கொலையுண்டவரின் மனைவியும் காங்கிரஸ் கட்சித் தலைவியுமான சோனியா காந்தி, அந்தத் தாயின் உயிருக்காக இரக்கம் கேட்டார். 2000 ஏப்ரலில் தமிழ்நாடு ஆளுநர் நளினியின் தண்டனையை ஆயுட்சிறையாகக் குறைத்தார். மற்ற மூவரின் கருணை மனுக்களை 2011 இல் நிராகரித்தவரும் ஒரு பெண்ணே: இந்தியாவின் முதலாவது பெண் குடியரசுத் தலைவர் பிரதீபா பாட்டீல். அதே ஆகஸ்டில், தண்டனையைக் குறைக்கவேண்டும் என்று சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்த முதலமைச்சர் ஜெயலலிதாவும் பெண்ணே. பதவி எதுவும் இல்லாமல், மகன் பேரறிவாளனுக்காக ஆண்டுக்கணக்கில் வீடு வீடாக, மேடை மேடையாக ஏறி இறங்கியவர் அற்புதம்மாள். 2014 இல் உச்ச நீதிமன்றம் மூவரின் மரணதண்டனையை நீக்கியது. 2022 இல் எஞ்சியிருந்த எல்லோரும் விடுதலையாயினர்.

பெண் என்றால் இரக்கம், ஆண் என்றால் கடுமை என்று கணக்குப் போட முடியாது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. ஒருவரின் நிலைப்பாடே முக்கியம். ஆகவே வேட்பாளராக வரும் பெண்ணிடமும் ஆணிடமும் ஒரே கேள்வியைக் கேட்க நாம் பழகவேண்டும்.

6. நீதிமன்றம் இல்லாத தண்டனை

அரசாங்கத்தின் கயிற்றை மாத்திரம் பேசிவிட்டு, எமக்குள் நடந்ததை மறைப்பது நேர்மையாகாது. 1980 களில் இயக்கங்கள் பல, துரோகி என்றும் சமூகவிரோதி என்றும் பெயர் சூட்டி, ஆட்களைச் சுட்டு விளக்குக்கம்பங்களில் கட்டின. குற்றம் சாட்டியவரே தீர்ப்பும் சொன்னார், தண்டனையும் நிறைவேற்றினார். மேன்முறையீடு இல்லை. கேட்ட ஊர் வாய்மூடி நின்றது.

அரசியலுக்கு வந்த பெண்ணையும் இது விட்டுவைக்கவில்லை. 1989 யூலையில் கொழும்பில் அமிர்தலிங்கத்துடன் சுட்டுக்கொல்லப்பட்டவர் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரன். அவருடைய மனைவி சரோஜினி யோகேஸ்வரன் 1998 இல் யாழ்ப்பாண மாநகர முதல்வரானார். அந்த ஆண்டு மே 17 ஆம் திகதி அவர் தமது வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகள் மீதே குற்றஞ்சாட்டப்பட்டது. மக்கள் தெரிவுசெய்த ஒரு பெண்ணை நீக்குவதற்கு வாக்குச்சீட்டு இருந்தது. அதற்குக் காத்திராமல் துப்பாக்கி பேசியது. அதன் பின் எத்தனை பெண்கள் "எங்களுக்கேன் அரசியல்" என்று கதவைச் சாத்தியிருப்பார்கள்? உயிரை எடுக்கும் அதிகாரம் தங்குதடையின்றி ஒருவர் கையில் இருக்கும் ஊரில், பிரதிநிதித்துவம் வளராது.

7. எமது பெண்பிள்ளைகளைக் காப்பது எது?

"எல்லாம் சரி, ஒரு பிள்ளையைச் சீரழித்துக் கொன்றவனையும் விட்டுவிடுவதா?" என்று தாய்மார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2015 மே மாதத்தில் புங்குடுதீவில் பாடசாலைக்குச் சென்ற மாணவி கொல்லப்பட்டபோது, வடக்கு முழுவதும் கடைகள் பூட்டப்பட்டன. மாணவர்கள் வீதிக்கு வந்தனர். மரணதண்டனை வேண்டும் என்ற குரல் எங்கும் ஒலித்தது. 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்தது.

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் மரணதண்டனை சட்டப்புத்தகத்தில் இருந்த நாட்டிலேதான் அந்தக் கொடுமை நடந்தது என்பதையும் எண்ணவேண்டும். முதன்மைச் சந்தேகநபர் தப்பிச்செல்ல மூத்த பொலிஸ் அதிகாரி ஒருவர் உதவினார் என்று பின்னர் தனி வழக்கே தொடரப்பட்டது. குற்றம் செய்பவன் தண்டனையின் கடுமையைக் கணக்குப் பார்ப்பதிலும், "என்னைப் பிடிப்பார்களா?" என்பதையே கணக்குப் பார்க்கிறான். பிடிபடமாட்டேன், எனக்கு ஆள் இருக்கிறது என்று நம்புகிறவனுக்குக் கயிறு பயங்காட்டாது.

ஆகவே பிள்ளைகளைக் காப்பவை வேறு. பிள்ளை வீடு திரும்பவில்லை என்ற முறைப்பாட்டை அன்றிரவே தமிழில் எழுதிக்கொள்ளும் பொலிஸ் நிலையம். அங்கே தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர். பாடசாலைக்குச் செல்லும் பாதையில் பற்றை வெட்டுதலும் தெருவிளக்கும். மாலை வகுப்பு முடியும் நேரத்துக்கு ஒரு பஸ். சாட்சி சொல்பவருக்குப் பாதுகாப்பு. இவற்றில் தெருவிளக்கும் உள்ளூர்ப் பாதையும் பிரதேச சபையின் வேலை. அந்தச் சபையில் பாதையால் நடந்துபோகும் பெண் இருக்கிறாளா என்பதே எமது கேள்வி.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு இன்னொன்றும் உண்டு. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி தாய்மார் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். "எங்கள் பிள்ளைகள் எங்கே?" என்பதே அவர்களின் கேள்வி. அதற்கு விடை தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கவேண்டும். விசாரணை மன்றில் வாய் திறக்கவேண்டும். தூக்கிலிடப்பட்டவன் சாட்சி சொல்லமாட்டான். உண்மையைத் தேடும் தாய்க்குக் கயிறு உதவாது.

8. எந்தக் கதவால் உள்ளே போவது?

இதுவரை பார்த்த பெண்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். சிறிமாவோ, சந்திரிகா, சரோஜினி, ஹிருணிகா: கணவனையோ தந்தையையோ கொலைக்குக் கொடுத்தபின் அரசியலில் முன்னுக்கு வந்தவர்கள். வன்னியிலும் இப்படியே. 1989 இல் வன்னி மாவட்டத்தில் பாராளுமன்றத்துக்குத் தெரிவான இராசமனோகரி புலேந்திரன், கணவரைக் கொலைக்குப் பறிகொடுத்தவர். 2013 இல் வட மாகாண சபைக்கு 87,870 விருப்பு வாக்குகளுடன் தெரிவான அனந்தி சசிதரன், 2009 இல் சரணடைந்தபின் காணாமல் ஆக்கப்பட்ட கணவரைத் தேடியவர். மரணம் ஒரு கதவைத் திறந்தது. அவர்கள் துணிவோடு அதனூடாகச் சென்றனர். அவர்களை மதிப்போம். ஆனால் ஒரு பெண் சபைக்குப் போவதற்கு அவள் வீட்டில் ஒரு சாவு விழவேண்டும் என்பது ஒரு சமூகத்துக்குப் பெருமையாகாது.

உரிமை திறக்கும் கதவு வேறு. 2016 ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தல் திருத்தச் சட்டம், சபை உறுப்பினர்களில் 25 வீதத்தினர் பெண்களாக இருக்கவேண்டும் என்று விதித்தது. அதற்கு முன் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. 2018 தேர்தலின் பின் நூற்றுக்கு இருபதுக்கு மேல் வந்தனர். பலர் விதவைகள் அல்லர். தலைவர்களின் மகள்மாரும் அல்லர். மாதர் சங்கத்திலும் சிக்கனக் கடன் சங்கத்திலும் வேலை செய்து பழகியவர்கள். பாராளுமன்றத்தில் இப்படியான ஒதுக்கீடு இல்லை. 2020 இல் 225 பேரில் 12 பேரே பெண்கள். 2024 நவம்பர் தேர்தலில் முன்னெப்போதும் இல்லாத தொகையினர் தெரிவாகியும், பத்திலொரு பங்கை எட்டவில்லை. பெண் பிரதமரை உலகுக்கு முதலில் தந்த நாட்டின் கணக்கு இது.

தலைமையில் ஒருத்தி இருப்பதற்கும் சபையில் பலர் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஒருத்தி தனியே இருந்தால் "பெண் என்பதால் தளர்ந்துவிட்டாள்" என்ற பேச்சுக்கு அஞ்சி, ஆணைவிடக் கடுமை காட்டவேண்டி வரலாம். பலர் இருந்தால் ஒருவருக்கொருவர் துணை. ஒரு கருத்தை மறுக்கவும் ஆதரிக்கவும் ஆள் உண்டு. கொலை நடந்தபின் கயிற்றைப் பற்றிப் பேசாமல், நடக்குமுன் விளக்கைப் பற்றியும் பாதையைப் பற்றியும் பேச நேரமும் கிடைக்கும்.

பெண்கள் கூடிநின்றால் என்ன ஆகும் என்பதை எமது மண்ணே கண்டது. முல்லைத்தீவு கேப்பாப்புலவில், பிலவுக்குடியிருப்புக் குடும்பங்கள் 2017 சனவரி 31 ஆம் திகதி படைமுகாம் வாசலில் அமர்ந்தன. பெண்களே முன்னின்றனர், பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வெயிலிலும் பனியிலும் இருந்தனர். ஒரு மாதத்தில் அவர்களின் காணி விடுவிக்கப்பட்டது. பதவியில்லாமலே இதைச் செய்தவர்கள், பதவியில் இருந்தால் எவ்வளவு செய்வார்கள்!

9. செய்யக்கூடியவை

வயலில் நாற்று நடுபவள், களை பிடுங்குபவள், அருவி வெட்டுபவள் பெண். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கும்போது மட்டும் அவள் வீட்டில் இருக்கிறாள். மாற்றம் அங்கே தொடங்கட்டும். கமக்காரர் அமைப்பின் நிர்வாகத்தில் பெண்களையும் தெரிவுசெய்யுங்கள். கணவரின் பெயரில் மட்டும் உறுப்புரிமை இருந்தால், பயிர் செய்யும் பெண்ணின் பெயரையும் சேர்க்கக் கேளுங்கள். இடம்பெயர்ந்தும் மீளக்குடியேறியும் அலைந்த குடும்பங்களின் பெயர் வாக்காளர் இடாப்பில் விடுபட்டுப்போவதுண்டு. ஆண்டுதோறும் பதிவு நடக்கும்போது கிராம அலுவலரிடம் சென்று வீட்டிலுள்ள ஒவ்வொரு பெண்ணின் பெயரும் உண்டா என்று பாருங்கள். வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மன்னாரும் வவுனியாவும் முல்லைத்தீவும் அடங்கும். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

அ. பண்டாரநாயக்கா சாகுமுன் இரக்கம் கேட்டார். நாடு ஏன் அதைக் கேட்கவில்லை? நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்?

ஆ. மிருசுவில் வழக்கில், மரணதண்டனைக்குப் பதிலாக எப்படியான தண்டனை இருந்திருந்தால் அக்குடும்பங்களுக்கு நீதி நிலைத்திருக்கும்?

இ. எமது கிராமத்தில் ஒரு பெண்பிள்ளை இரவு வீடு திரும்பாவிட்டால் முதலில் யாரிடம் போவோம்? அங்கே எமது மொழியில் பதில் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் யாரிடம் முறையிடலாம்?

ஈ. எமது பிரதேச சபையிலுள்ள பெண் உறுப்பினர்களின் பெயர் எமக்குத் தெரியுமா? அவர்கள் கடைசியாக எமது கிராமத்துக்கு வந்தது எப்போது? நாம் அழைத்தோமா?

உ. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம், ஆணாயினும் பெண்ணாயினும், இவ்விரண்டையும் கேட்போமா: மரணதண்டனை பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன? எமது பிள்ளைகள் போகும் பாதைக்கு என்ன செய்வீர்கள்?

கேள்விகளுக்கு ஒரே கூட்டத்தில் விடை வராது. காலபோக விதைப்பு முடிந்து கை ஓயும் நாட்களில் மீண்டும் கூடுங்கள். ஆண்களும் வந்திருக்கட்டும். ஆனால் முதலில் பெண்கள் பேசட்டும்.